புயலிலும் வெள்ளத்திலும் போன் கைவிட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புயல் கரையைக் கடக்கும் இரவில் போன் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு போனில் இருக்காது. டவருக்குப் போகும் கரண்ட் நின்றிருக்கும். டவரை வெளியூரோடு இணைக்கும் கேபிள் அறுந்திருக்கும். இல்லாவிட்டால் ஊரே ஒரே நேரத்தில் பேச முயன்று பாதை அடைத்துக்கொண்டிருக்கும். கரண்ட், கேபிள், நெரிசல். இந்த மூன்றில் எது என்று பிடிபட்டுவிட்டால் அடுத்து செய்ய வேண்டியது தெளிவாகிவிடும். பிடிபடாமல் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தால் இருக்கிற சார்ஜும் போய்விடும்.

முதலில் டவர் எப்படி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கரண்ட் போனதும் டவரடியில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல் ஜெனரேட்டர். டீசல் தீர்ந்தால் ஒருவர் கேனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சாலை தண்ணீருக்குள் இருந்தால் அவரால் வர முடியாது. அதனால்தான் புயல் அடிக்கும்போது பேசிய போன், மறுநாள் வெயில் அடிக்கும்போது செத்துப்போகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவ்வளவு கம்பங்களையும் நட்டு முடிக்கும்வரை டீசலை நம்பியே டவர்களை ஓட்ட வேண்டியிருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தாவில் சிக்கல் வேறு மாதிரி. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டிருந்த கேபிள்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன.

கீழே உங்கள் போனில் தெரியும் அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே படிக்கிறவர்களுக்கு இதில் பலன் அதிகம். பாதி வேலை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது.

சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, ஆனால் கால் போகவில்லை

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. திரையில் தெரியும் கோடுகள் உங்கள் போனுக்கும் பக்கத்து டவருக்கும் நடுவில் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். டவரிலிருந்து அப்பால் போகும் கேபிள் அறுந்திருந்தாலும் கோடு முழுதாகத்தான் தெரியும்.

நெரிசலா, கேபிளா என்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. யாருக்காவது சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று அனுப்புங்கள். கொஞ்சம் தாமதமானாலும் போய்விட்டால் நெரிசல். எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை, நெட்டும் இல்லை, எத்தனை முறை முயன்றாலும் ஒரே பதில் என்றால் கேபிள் போயிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவரையும் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் அப்படியே என்றால் சந்தேகமே வேண்டாம்.

நெரிசல் என்றால் மறுபடி மறுபடி டயல் செய்யாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் டவரிடம் ஒரு கோரிக்கையாகப் போய் நிற்கிறது. பத்தாயிரம் பேர் அப்படிச் செய்தால், தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் 108-ஐ அழைக்கும் பாதையும் அடைபடுகிறது. எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டுக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் பின்னிரவு 2 மணிக்கு மேல் முயலுங்கள், லைன் கிடைக்கும். கிடைத்ததும் "நாங்க நாலு பேரும் பத்திரம், மாடியில இருக்கோம், நாளைக்குக் காலையில 7 மணிக்குப் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

கேபிள் போயிருந்தால் காத்திருந்து பயனில்லை, டவரை மாற்ற வேண்டும். போன் எப்போதும் பலமான சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த டவருக்கு வெளித்தொடர்பு இல்லை என்பதை அது பொருட்படுத்தாது. வேறு கம்பெனி சிம்முக்கு மாறுங்கள். முடிந்தால் ஊரின் மறு கோடிக்குப் போய்ப் பாருங்கள், வேறு டவர் கிடைக்கலாம். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் சிம் என்றால் செட்டிங்ஸில் 2ஜி மட்டும் என்று மாற்றியும் முயலலாம். ஜியோவில் இதைச் செய்யாதீர்கள். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. மாற்றினால் இருக்கிற சிக்னலும் போய்விடும்.

"நோ சர்வீஸ்" அல்லது "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று காட்டுகிறது

இரண்டும் ஒன்றல்ல. "நோ சர்வீஸ்" என்றால் சுற்றுவட்டாரத்தில் எந்த டவரும் உங்கள் போனுக்கு எட்டவில்லை. "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்றால் உங்கள் கம்பெனி டவர்தான் இல்லை, வேறு கம்பெனியின் டவர் ஒன்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது 112 மட்டும் அந்த டவர் வழியாகப் போகும். உயிருக்கு ஆபத்து என்றால் தயங்காமல் 112 அழுத்துங்கள்.

பேரிடர் நேரத்தில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டு, பாதிக்கப்பட்ட பகுதியில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் வேறு கம்பெனியின் டவரைப் பயன்படுத்த வழிவிடும் ஏற்பாடு இருக்கிறது. இன்ட்ரா சர்க்கிள் ரோமிங் என்பார்கள். 2019-இல் ஒடிசாவை ஃபானி புயல் தாக்கியபோது இதைத் திறந்துவிட்டார்கள். இது திறந்திருந்தாலும் உங்கள் போன் தானாகப் பிடிக்காமல் போகலாம். செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். நெட்வொர்க் தேர்வு "ஆட்டோமேட்டிக்" என்று இருப்பதை அணையுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் தேடி, கிடைக்கிற கம்பெனிகளின் பெயரைப் பட்டியலாகக் காட்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். டேட்டா ரோமிங்கையும் ஆன் செய்துகொள்ளுங்கள். நிலைமை சீரானதும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்புங்கள். பட்டியலே வரவில்லை என்றால் அந்த இடத்தில் எல்லாமே படுத்துவிட்டது; பேட்டரியைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள்.

இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். பல ஊர்களில் இரண்டு மூன்று கம்பெனிகளின் கருவிகள் ஒரே டவரில், ஒரே ஜெனரேட்டரில் தொங்குகின்றன. அந்த டவர் அணைந்தால் உங்கள் இரண்டு சிம்மும் சேர்ந்தே அணையும். எந்தக் கம்பெனிக்கு எந்த டவர் என்று ஊரில் கேபிள் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். சாதாரண நாளில் கேட்டு, வேறு வேறு டவரில் உள்ள இரண்டைப் பார்த்து வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, எஸ்எம்எஸ்ஸும் "ஃபெயில்டு" என்கிறது

வாட்ஸ்அப்புக்கு இன்டர்நெட் வேண்டும். எஸ்எம்எஸ்ஸுக்கு வேண்டாம், டவரும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மெல்லிய பாதையிலேயே அது போய்விடும். அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தால்கூடக் கம்பெனியின் சர்வரில் காத்திருந்து, போன் உயிர்பெற்றதும் போய்ச் சேரும். அழைப்புக்கு இந்த வசதி இல்லை. பேரிடர் நேரத்தில் முதலில் எஸ்எம்எஸ்ஸை நம்புங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். ஸ்மார்ட்போன் வந்த பிறகு வங்கி ஓடிபி தவிர வேறு எதற்கும் எஸ்எம்எஸ் பக்கம் போகாத ஒரு தலைமுறையே வந்துவிட்டது. இன்றைக்கே வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்று அனுப்பிப் பழக்கிவிடுங்கள். உங்கள் பிளானில் எஸ்எம்எஸ் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மலிவான சில பிளான்களில் இருப்பதில்லை.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவோர் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் எழுதினால் 70 மட்டுமே. அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்துக்கணக்கு அல்ல. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "வெள்ளம்" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. எஸ்எம்எஸ் கணக்கில் ஏழு. எல்லை தாண்டியதும் செய்தி இரண்டு மூன்று துண்டாக உடைந்து போகும். ஒரு துண்டு வழியில் நின்றாலும் அந்தப் பக்கம் முழுச் செய்தி தெரியாது. நெரிசலில் இது அடிக்கடி நடக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புங்கள். தமிழ் மேல் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் இதைத்தான் சொல்வேன். பழைய பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்குத் தமிழ்ச் செய்தி வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும் ஆபத்தும் இதில் இல்லை.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்? எத்தனை பேர், யாருக்கு உடம்பு முடியவில்லை, எங்கே இருக்கிறீர்கள், தண்ணீர் எவ்வளவு, போனில் சார்ஜ் எவ்வளவு, எத்தனை மணிக்கு அனுப்பியது. உதாரணத்துக்கு (தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

"6 பேர், 1 கர்ப்பிணி 9 மாசம், மொட்டை மாடியில், கீழே இடுப்பளவு தண்ணி, பெரிய வாட்டர் டேங்க் எதிரில், சார்ஜ் 22, மாலை 5.40."

இதைத் தட்டி "ஃபெயில்டு" என்று வந்தால் அழிக்காதீர்கள். அப்படியே வைத்திருந்து சிக்னல் தலைகாட்டும்போதெல்லாம் மறுபடி அனுப்புங்கள். மொட்டை மாடியின் மூலைகளில் நின்று முயலுங்கள், இடி மின்னல் இல்லாதபோது மட்டும்.

சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது

சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். நீங்கள் தொடாமல் வைத்திருந்தாலும் தின்னும். ஏரோப்ளேன் மோடு போடுங்கள். வெளியூரில் உள்ள ஒருவரிடம் முன்பே நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: காலை 7, பகல் 1, இரவு 8, அந்த நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் திறப்போம் என்று. வீட்டில் நாலு போன் இருந்தால் ஒன்று மட்டும் திறந்திருக்கட்டும், மற்றவை அணைந்திருக்கட்டும். சிக்னல் இருக்கும்வரை அந்த ஒன்றை அணைக்கவோ ஏரோப்ளேன் மோடில் போடவோ வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: அரசின் அவசர எச்சரிக்கை திறந்திருக்கும் போனுக்குத்தான் வரும்.

திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். லொகேஷன், புளூடூத், ஹாட்ஸ்பாட் எல்லாவற்றையும் அணையுங்கள். டார்ச்சுக்குப் போனைப் பயன்படுத்தாதீர்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று கணக்குப் போட வேண்டாம். மின்னழுத்தத்தை மாற்றுவதில் ஒரு பங்கு வீணாகிறது. ஒன்றேகால் முறை கிடைத்தால் சரி. லேப்டாப்பையும் யுஎஸ்பி வயர் போட்டுப் பவர் பேங்காகப் பயன்படுத்தலாம். காரில் சார்ஜ் போடுவதானால் வண்டி திறந்த வெளியில், சைலன்ஸர் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் புகை உயிரை எடுக்கும். தண்ணீர் தொட்ட இன்வெர்ட்டர் பக்கம் போகவே போகாதீர்கள்.

புயல் நெருங்கும்போது பாதுகாப்புக்காக மின்வாரியமே கரண்டை நிறுத்திவிடும். "கரண்ட் போனா பாத்துக்கலாம்" என்று இருக்காமல், ஆரஞ்சு எச்சரிக்கை வந்த உடனேயே எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள். ஒரு பட்டன் போனும் அலமாரியில் இருக்கட்டும். முழு சார்ஜில் சும்மா வைத்தால் நாள்கணக்கில் தாங்கும்.

வீட்டு வைஃபையும் லேண்ட்லைனும் சேர்ந்தே செத்துவிட்டன

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு வீட்டில் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரியிலிருந்தே அதற்கு மின்சாரம் வந்துவிடும். ஃபைபர் இணைப்புக்கு மாறிய லேண்ட்லைன் அப்படியல்ல. வீட்டில் உள்ள மோடம் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றால் போனும் ஊமை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வருகிறதா?

வரவில்லை என்றால் ரௌட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். சில மணி நேரம் ஓடும். வெளியே ஃபைபர் அறுபடாமல் இருந்தால், மொபைல் டவர் படுத்த நேரத்திலும் வீட்டில் நெட் இருக்கும். அப்போது போன் செட்டிங்ஸில் "வைஃபை காலிங்" ஆன் செய்தால் சாதாரண நம்பரிலிருந்தே அழைக்கலாம், அழைப்பும் வரும். அதிகம் பேருக்குத் தெரியாத வசதி இது.

உதவிக்கு அழைத்தாகிவிட்டது, ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருக்கெடுத்தபோது படகில் போனவர்களுக்கு முகவரி பெரிய தலைவலியாக இருந்தது. தெருப் பலகை தண்ணீருக்கு அடியில்; காந்தி தெரு ஒவ்வொரு நகரிலும் ஒன்று. படகில் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: நீல நிற வாட்டர் டேங்க், சர்ச் கோபுரம், பாதி கட்டிய நாலு மாடி, மாடியில் கட்டிய சிவப்புச் சேலை.

அதைவிட உறுதியானது ஜிபிஎஸ் எண். ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். செயற்கைக்கோளிலிருந்து நேராக வருகிறது. வானம் தெரியும் இடத்தில் போனை வைத்து லொகேஷன் ஆன் செய்யுங்கள். நெட் இல்லாதபோது இடத்தைப் பிடிக்க ஐந்தாறு நிமிடம்கூட ஆகலாம், பொறுங்கள். மேப்பில் நீலப் புள்ளி வந்ததும் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். சென்னை என்றால் முதல் எண் 13-ஐ ஒட்டியும் இரண்டாவது 80-ஐ ஒட்டியும் இருக்கும். நாகப்பட்டினம் என்றால் 10.7, 79.8 என்று தொடங்கும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் வரை எழுதி அனுப்புங்கள். நான்கு இலக்கம் இருந்தால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் தள்ளித் தேடுவார்கள். உங்கள் வட்டாரத்தின் மேப்பை முன்பே ஆஃப்லைனாக டவுன்லோட் செய்து வைத்தால், நெட் இல்லாதபோது வெறும் சாம்பல் நிறத் திரை வராது.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம் 1070. வேறு மாவட்டத்திலிருந்து 1077-ஐ அழைப்பதானால் அந்த மாவட்டத்தின் எஸ்டிடி கோடை முன்னால் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் இருக்கும் மாவட்டத்துக்கே போய்ச் சேரும். தூத்துக்குடியில் உள்ள அண்ணனுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து அழைக்கும் தம்பி இடறுவது இங்கேதான்.

எச்சரிக்கையே வரவில்லை, வந்தாலும் என்ன செய்வதென்று புரியவில்லை

2023-இல் நாடு முழுக்கப் பலருடைய போன் திடீரென்று பெரிய ஓசையோடு அதிர்ந்து, "சோதனைச் செய்தி" என்று காட்டியது நினைவிருக்கலாம். அது செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகப் போகும். இது டவரிலிருந்து அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே வீச்சில் போகும். அதனால் நெரிசலில் சிக்காது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதிக்குள் "வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்" அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓசைக்குப் பயந்து பலர் அணைத்து வைத்திருக்கிறார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் "சசேத்" ஆப்பும், தமிழக அரசின் "டிஎன் அலர்ட்" ஆப்பும் இருந்தால் நல்லது. ஆனால் ஆப்புக்கு நெட் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண் கப்பல்களுக்கான செய்தி. ஊருக்குள் இருப்பவர் அதைவிட மழை அளவையும் நிற எச்சரிக்கையையும் கவனிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் "அதி கனமழை" என்கிறது வானிலைத் துறை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர், தொடர்பும் இல்லை. ஹெலிகாப்டரில் உணவு போட வேண்டியிருந்தது. அந்த அளவு மழையில் செய்தி அனுப்பும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். கடைசிவரை நிற்பது ரேடியோ.

பேட்டரி போட்ட சின்ன ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும், மீடியம் வேவ் பிடிக்கிறதாக. சென்னை வானொலி 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம் ஓரளவு தூரம்தான் எட்டும், மீடியம் வேவ் பல மாவட்டம் தாண்டியும் கேட்கும். சில போன்களில் எஃப்எம் ரேடியோ உண்டு. வயர் உள்ள ஹெட்போனைச் செருகினால்தான் எடுக்கும், அந்த வயரே அதற்கு ஆன்டெனா. பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு 90.4-இல் கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது, மீனவருக்காகவே நடப்பது.

புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கிராமத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், ஊர் கரையை விட்டு ஓடியது, ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. அந்த ஒலிபெருக்கி அதற்கு முன்பும் சும்மா இருந்ததில்லை. கடல் அலை எவ்வளவு உயரம் என்று மீனவர்களுக்கு வழக்கமாக அறிவித்து வந்தது. பழகிய குரல் என்பதால் ஓடு என்றதும் ஓடினார்கள். உங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கிக்கு ஒரு பேட்டரி ஏற்பாடு செய்து வைப்பது, எந்தப் புது ஆப்பை விடவும் முக்கியமான வேலை என்று நினைக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் தகவல் கொட்டுகிறது, எதை நம்புவது என்று தெரியவில்லை

2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று சென்னை முழுக்கச் செய்தி ஓடியது. நாசா பெருமழையை எச்சரித்திருக்கிறது என்று இன்னொன்று. இரண்டும் பொய். ஆனால் பொய்யைவிட அதிகத் தொல்லை கொடுத்தது உண்மையாக இருந்து பழசாகிப்போன செய்தி. காப்பாற்றிய பிறகும் "உதவி தேவை" என்ற பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும்; படகு அங்கே போய் வெறும் வீட்டைப் பார்த்துத் திரும்பும்; உண்மையில் தவிப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் போச்சு.

ஒரே சோதனை போதும்: செய்தியில் தேதி, மணி, ஊர், அழைத்துப் பேசக்கூடிய எண் இருக்கிறதா? இல்லை என்றால் அனுப்பாதீர்கள். இருந்தால் முதலில் அந்த எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ்: "உதவி வந்துவிட்டதா?" ஏரி உடைந்துவிட்டது, அணை திறந்துவிட்டார்கள் என்ற ரகச் செய்திகளை மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

கடலுக்குப் போனவரோடு பேச முடியவில்லை

கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினாலே மொபைல் சிக்னல் மறைந்துவிடும். அதன் பிறகு விஎச்எஃப் வயர்லெஸ்தான். அதுவும் படகுக்குப் படகு சில பத்துக் கிலோமீட்டர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் பல நாள் தங்கலுக்குப் போய் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களுக்கு எட்ட வழியே இல்லை. பலர் லட்சத்தீவிலும் வடக்கே மகாராஷ்டிரா, குஜராத் கரைகளிலும் ஒதுங்கினார்கள். பலர் திரும்பவே இல்லை. அந்தச் சாவுகளில் ஒரு பங்கு காற்றால் வந்தது அல்ல, சொல்ல ஆளில்லாததால் வந்தது. இதை எழுதும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

அதன் பிறகு 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தரும். ஒருவழிதான், பதில் சொல்ல முடியாது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி அதற்கு நேர்மாறாகப் படகிலிருந்து கரைக்குச் சொல்லும். அதன் இரண்டாம் தலைமுறையில், "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. கடலில் தத்தளிப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு என்று கடலுக்குப் போகிறவரைக் கேட்டால் தெரியும். இப்போது இருவழியும் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை அரசு படகுகளில் பொருத்தி வருகிறது. உங்கள் படகில் இருந்தால் கிளம்பும் முன் அதன் பேட்டரியையும் விளக்கையும் பாருங்கள்; மூட்டைக்கு அடியில் கிடந்தால் அது வானத்தைப் பார்க்காது, வேலையும் செய்யாது.

கரையில் இருக்கும் குடும்பம் செய்ய வேண்டியது: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. அழைக்கும்போது படகின் பதிவு எண், நிறம், எத்தனை பேர், கடைசியாகப் பேசிய நாள், மணி, எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று சொன்னார்கள் என்பது கையில் இருக்க வேண்டும். பதிவு எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பக்கத்தில் உள்ள படகுகளுக்கு விஎச்எஃப் சேனல் 16-இல் சொல்லி, அவர்கள் அடுத்த படகுக்குச் சொல்லி, அப்படியே கைமாற்றி எட்ட வைப்பதும் நடக்கிற காரியம்தான்.

வளைகுடாவிலிருந்து துரையா சாட்டிலைட் போனை வாங்கி வந்து கொடுப்பதாகச் சொந்தக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் சட்டவிரோதம், கைது வரை போகும்.

வெளிநாட்டில் இருக்கிறேன், அம்மா போனை எடுக்கவில்லை

முதலில், திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ஒவ்வொரு மணியடிப்பும் அந்தப் பக்கம் மிச்சமுள்ள சார்ஜைக் குறைக்கிறது. "பத்திரமா? ஆமான்னா 1 அனுப்பு" என்று ஒரு எஸ்எம்எஸ் போடுங்கள். அவர்கள் நம்பருக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் கடையும் இல்லை, நெட்டும் இல்லை. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டுவிடலாம், பல வீடுகளில் அதுவே சிக்கலைத் தீர்த்திருக்கிறது. 1070, 1077 போன்ற குறுகிய எண்கள் வெளிநாட்டிலிருந்து போகாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் முழு நம்பரை இப்போதே ஆட்சியர் இணையதளத்திலிருந்து குறித்து வையுங்கள். அதோடு மாடி வீட்டுக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, தெரு முனை மெடிக்கல்காரர் என்று மூன்று நம்பராவது உங்களிடம் இருக்கட்டும். அம்மா நம்பர் மட்டும் வைத்திருப்பவர்களே அதிகம்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது

உடனே அணையுங்கள். கவர், சிம் தட்டைக் கழற்றித் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் செங்குத்தாக வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தூள் உள்ளே போகும். ஈரம் போகும்வரை சார்ஜ் போடவே கூடாது. அதுவரை சிம்மைப் பட்டன் போனில் போட்டுக்கொள்ளுங்கள். முக்கிய நம்பர்கள் காகிதத்தில் எழுதி பிளாஸ்டிக் கவரில் இருந்தால் அப்போது கைகொடுக்கும்.

சிக்னல் திரும்பி வந்துவிட்டது, போன் விடாமல் அலறுகிறது

தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது. பழைய உதவிக் கோரிக்கைகளைப் பார்த்துப் பதறி அனுப்ப வேண்டாம்; அனுப்பிய மணியைப் பாருங்கள். உங்களுக்காக யாராவது எங்காவது உதவி கேட்டுப் பதிவு போட்டிருந்தால் அவரை அழைத்து அழிக்கச் சொல்லுங்கள், அல்லது "மீட்கப்பட்டார்கள்" என்று மணியோடு எழுதச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டு அறையில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் ஒரு அழைப்பு. அதன் பிறகு சொந்தக்காரர்களுக்கு வீடியோ அனுப்புவதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். பக்கத்து ஊரில் டவர் இன்னும் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.